புதிதாகச் சேர்த்த கம்ப்யூட்டர் தானாக அணைகிறதா? சுவரில் இருந்து தொடங்குங்கள்

பார்ட்ஸை ஒவ்வொன்றாகத் தேடி வாங்கி, வீட்டிலேயே அசெம்பிள் செய்து, விண்டோஸும் ஏற்றியாகிவிட்டது. கொஞ்ச நாள் நன்றாக ஓடும். அப்புறம் கேம் நடுவிலோ வீடியோ ரெண்டர் ஆகும்போதோ பொட்டென்று அணையும். பட்டனைத் தட்டினால் மறுபடி வரும், சற்று நேரத்தில் மறுபடி போகும். யாரிடம் கேட்டாலும் முதலில் வருகிற பதில், "எஸ்.எம்.பி.எஸ்ஸை மாத்திப் பாருங்க அண்ணாச்சி". சுவரில் வரும் கரண்டைப் பார்ட்ஸுக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற பவர் சப்ளைப் பெட்டிதான் எஸ்.எம்.பி.எஸ். சில சமயம் அந்தப் பதில் சரியாகவும் இருக்கும். ஆனால் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் புதுசு மாட்டியும் அதே கதை தொடர்ந்தால், பழையது நல்லதா கெட்டதா என்பதுகூடத் தெரியாமல் போய்விடும்.

பாளையங்கோட்டை, அம்பை, வள்ளியூர், திசையன்விளை என்று நம் திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். புது சிஸ்டம் அணைவதற்குப் பார்ட்ஸ் கெட்டிருப்பது ஒரு காரணம் மட்டுமே. சுவரில் வரும் கரண்ட், அசெம்பிள் செய்தபோது சரியாக அமுங்காத ஒரு கனெக்டர், மூச்சு விட இடமில்லாத கம்ப்யூட்டர் மேஜை, இவையும் அதே வேலையைச் செய்யும். அதனால் வரிசை முக்கியம். காசு செலவாகாத சோதனைகளை முதலில் முடியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டு மூன்றைச் சேர்த்து மாற்றிவிட்டால் எது சரியானது என்று பிறகு சொல்ல முடியாது.

1. அணைகிற விதத்தை எழுதி வையுங்கள்

ஒரு தாளும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். அணையும்போதெல்லாம் மணி என்ன, கம்ப்யூட்டரில் என்ன ஓடியது, வீட்டில் வேறு எது ஓடியது என்று எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதை யாரும் எழுதுவதில்லை. நம் ஊரில் பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது.

முதலில் அது உண்மையிலேயே அணைகிறதா என்று பாருங்கள். திரை மட்டும் இருண்டு, உள்ளே ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தால் அது வேறு நோய். டிஸ்பிளே கேபிள், கிராபிக்ஸ் டிரைவர், கிராபிக்ஸ் கார்டு அந்தப் பக்கம் தேட வேண்டியது. சும்மா விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்த் திரும்பி வரும்போது மட்டும் அணைந்திருந்தால் பெரும்பாலும் அது ஸ்லீப். பவர் செட்டிங்கில் அதை "நெவர்" என்று வைத்துவிட்டு ஒரு நாள் பாருங்கள்.

அணைவதற்கு எடுக்கும் நேரம் நிறையச் சொல்லும். போட்டதும் நாலைந்து விநாடியில், ஒவ்வொரு தடவையும் அதே இடைவெளியில் போனால் பவர் பட்டன் உள்ளே சிக்கியிருக்கலாம். பட்டனைச் சுமார் நாலு விநாடி அமுக்கிப் பிடித்தால் மதர்போர்டு கட்டாயமாக அணைக்கும் என்பது அதன் இயல்பு. ஒன்றிரண்டு நிமிடத்தில் போனால் ப்ராசஸர் சூடு. கேமில் கனமான காட்சி வரும்போது மட்டும் போனால் எஸ்.எம்.பி.எஸ், கிராபிக்ஸ் கார்டு, அல்லது பிறகு சொல்லப்போகும் இன்வெர்ட்டர். சாயங்காலம் ஏழில் இருந்து பத்துக்குள் மட்டும் என்றால் லோ வோல்டேஜ்.

இன்னொரு குறிப்பு. அணைந்த பிறகு பட்டனைத் தட்டியும் வராமல், எஸ்.எம்.பி.எஸ்ஸின் பின்பக்க ஸ்விட்சை அணைத்துக் கொஞ்சம் பொறுத்துப் போட்டால்தான் வருகிறது என்றால், எஸ்.எம்.பி.எஸ் தன்னைத்தானே பூட்டிக்கொண்டது என்று அர்த்தம். ஓவர்லோடு, ஷார்ட் போன்றவற்றில் இருந்து காக்கும் ஏற்பாடு அது. அணைந்த உடனே தானாக எழுந்து வருகிறது என்றால் கரண்ட் ஒரு கணம் தடுமாறியிருக்கலாம், இல்லையென்றால் நீலத் திரை (விண்டோஸ் பிழையில் முடங்கும்போது காட்டுவது) வந்து விண்டோஸ் ரீஸ்டார்ட் செய்திருக்கலாம்.

புதிதாக டி.டி.ஆர்.5 ரேம் போட்ட மெஷின், குறிப்பாக ஏ.எம்.டி ப்ராசஸருக்கான ஏ.எம்.5 போர்டு, முதல் தடவை போடும்போது திரையில் ஒன்றும் காட்டாமல் சில நிமிடம் நிற்கும். தானே ஒன்றிரண்டு தடவை அணைந்து எழவும் செய்யும். ரேமைப் பழக்கிக்கொள்கிற வேலை அது. பதறிப்போய் பிளக்கைப் பிடுங்காதீர்கள்.

2. விண்டோஸ் எழுதி வைத்திருப்பதைப் படியுங்கள்

ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்று போங்கள். அணைந்த நேரத்தை ஒட்டிய வரிகளைப் பாருங்கள்.

கெர்னல்-பவர் 41 என்ற சிவப்பு வரி இருக்கும். இதைப் பார்த்ததும் பலர் கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைக்கிறார்கள். "போன தடவை ஒழுங்காக அணைக்கப்படவில்லை" என்பதைத் தவிர அது காரணம் எதையும் சொல்லவில்லை. 6008 என்ற எண்ணும் அப்படித்தான். 41-ஐத் திறந்து டீட்டெய்ல்ஸ் பகுதியைப் பாருங்கள். பக்செக்கோட் என்ற இடத்தில் 0 இருந்தால் நீலத் திரை எதுவும் பதிவாகவில்லை, பெரும்பாலும் கரண்ட் அறுந்தாற்போல் அணைந்திருக்கிறது. வேறு எண் இருந்தால் நீலத் திரை வந்திருக்கிறது. பவர்பட்டன்டைம்ஸ்டாம்ப் என்ற இடத்தில் 0 இல்லாமல் ஏதாவது எண் இருந்தால், பவர் பட்டன் நீண்ட நேரம் அமுங்கியிருந்ததாக மதர்போர்டு நினைத்திருக்கிறது. நீங்கள் அமுக்கவில்லை என்றால் குற்றவாளி அந்தப் பட்டனோ அதன் வயரோதான்.

1074 என்ற எண் இருந்தால் ஏதோ ஒரு புரோகிராம் முறைப்படி அணைத்திருக்கிறது, அதன் பெயரும் அங்கேயே இருக்கும். விண்டோஸ் அப்டேட்டாக இருக்கலாம். எங்கிருந்தோ இறக்கிய எவால்யுவேஷன் விண்டோஸை (சோதித்துப் பார்க்கக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் தருவது) ஏற்றியிருந்தால், அதன் காலம் முடிந்த பிறகு மணிக்கொரு தடவை அதுவே அணைத்துவிடும். அதற்காகக் கேபினட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் விடை கிடைக்காது. டபிள்யூ.எச்.இ.ஏ-லாகர் என்ற பெயரில் வரிகள் நிறைய இருந்தால் ப்ராசஸர், ரேம், பி.சி.ஐ.இ ஸ்லாட் ஆகிய வன்பொருள் பக்கம் பார்வையைத் திருப்புங்கள்.

சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் ஸ்டார்ட்டப் அண்ட் ரிகவரி பகுதிக்குப் போய், ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட் என்பதில் உள்ள டிக்கையும் எடுத்துவிடுங்கள். இனி நீலத் திரை வந்தால் அது நிற்கும். போனில் படம் எடுத்துக்கொள்ளலாம்.

3. சுவர், எர்த், இன்வெர்ட்டர்

கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட் உலை இரண்டு, பணகுடி தாண்டினால் காற்றாலை வரிசை. இவ்வளவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு லோ வோல்டேஜ் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். உற்பத்தி எங்கே நடக்கிறது என்பதற்கும் உங்கள் பிளக் பாயிண்டில் எத்தனை வோல்ட் வருகிறது என்பதற்கும் சம்பந்தமில்லை. டிரான்ஸ்பார்மரில் இருந்து நீங்கள் எவ்வளவு தள்ளி இருக்கிறீர்கள், நடுவில் எத்தனை போர் மோட்டார் ஓடுகிறது, இவைதான் கணக்கு.

பிளக்கில் இருந்து தொடங்குவோம். பிளக்கை லேசாக ஆட்டினால் "சொர்" என்று சத்தம் வந்தாலோ, கை வைத்தால் சுட்டாலோ அந்த பாயிண்ட் லூஸ். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, கம்ப்யூட்டரை மட்டும் நேராகச் சுவரில் மாட்டி ஒரு நாள் ஓட்டுங்கள். எஸ்.எம்.பி.எஸ்ஸின் பின்னால் சொருகும் மூன்று ஓட்டை வயரையும் வேறொன்று இருந்தால் மாற்றிப் பாருங்கள். புதிது என்பதற்காக அந்த வயர் இறுக்கமாக உட்காரும் என்று சொல்ல முடியாது.

அடுத்து வோல்டேஜ். மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்துக் காலையில் ஒரு தடவை, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தடவை, வீட்டு மோட்டார் கிளம்பும் நொடியில் ஒரு தடவை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மீட்டர் பிடித்துப் பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், இதில் வீரம் வேண்டாம். 230-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ராத்திரி 180-க்குக் கீழே வருகிறதா? எஸ்.எம்.பி.எஸ்ஸின் லேபிளைப் பாருங்கள். 100-240 வோல்ட் என்று போட்டிருந்தால் அது தாங்கும். 200-240 என்று மட்டும் போட்டிருந்தால் ராத்திரி அணைவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

எர்த் விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறதா? எஸ்.எம்.பி.எஸ்ஸின் உள்ளே கரண்டின் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் கேபினட்டோடு சேர்ந்திருக்கும். எர்த் இல்லாத வீட்டில் அந்த வழியாகக் கேபினட்டில் சப்ளை வோல்டேஜில் பாதி அளவு மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு, ஆனாலும் யூ.எஸ்.பி கருவிகள் தாறுமாறாக நடந்துகொள்ளவும், சில சமயம் மெஷின் ரீஸ்டார்ட் ஆகவும் அது போதும். மீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய 230 காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட். நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்து வறண்ட மண்ணில் கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும். குழியில் தண்ணீர் விடுவதும் உப்பும் கரியும் புதுப்பிப்பதும் பழைய வைத்தியம்தான், இன்றும் வேலை செய்கிறது.

இப்போது இன்வெர்ட்டர். வீட்டு இன்வெர்ட்டர் லைனில் கம்ப்யூட்டரை மாட்டியிருப்பவர்கள் இதை நிதானமாகப் படியுங்கள். கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறச் சிறிது நேரம் எடுக்கிறது. ஃபேனுக்கு அது தெரியாது. எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குத் தெரியும். அதற்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர், கரண்ட் அறுந்த பிறகு முழு லோடில் 12 முதல் 17 மில்லி செகண்ட் வரை தாக்குப்பிடித்தால் போதும் என்றுதான் எஸ்.எம்.பி.எஸ்களுக்கான ஏ.டி.எக்ஸ் விதி. நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டின் ஒரு சுற்றே 20 மில்லி செகண்ட். இன்வெர்ட்டர் நார்மல் அல்லது ஈகோ மோடில் இருந்தால் மாறும் நேரம் இதைத் தாண்டிவிடும். யூ.பி.எஸ் மோடில் வைத்தால் வேகமாக மாறும்.

இதில் ஏமாற்றுகிற இடம் ஒன்று உண்டு. லோடு குறைவாக இருக்கும்போது அதே கெப்பாசிட்டர் இன்னும் கொஞ்சம் அதிக நேரம் தாங்கும். ஆகவே கரண்ட் போய் வரும்போது, சும்மா பிரவுசர் திறந்திருந்தால் கம்ப்யூட்டர் தப்பிக்கும், கேம் ஓடினால் அணையும். பார்க்கிறவர் கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகிப்பார். முழுதாகக் கரண்ட் போக வேண்டும் என்றுகூட இல்லை. யூ.பி.எஸ் மோடில் பல இன்வெர்ட்டர்கள் 180 வோல்ட்டுக்குக் கீழே வந்தாலே பேட்டரிக்குத் தாவும். பக்கத்து வீட்டு மோட்டார் கிளம்பினால் போதும், அது தாவித் திரும்பி வரும், அறையில் லைட் ஒரு கணம் சிமிட்டும், அவ்வளவுதான். தாளில் மணியை எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

தனியாகக் கம்ப்யூட்டருக்கு என்று யூ.பி.எஸ் வைத்திருந்தால் அதன் வாட்டைப் பாருங்கள். 600 வி.ஏ. என்று பெரிதாகப் போட்டிருப்பது பெரும்பாலும் 360 வாட்தான். கிராபிக்ஸ் கார்டு உள்ள மெஷினும் மானிட்டரும் சேர்ந்து அதைத் தாண்டிவிடும். பேட்டரி பழசாகியிருந்தால் இன்னும் மோசம். ஆக்டிவ் பி.எஃப்.சி (கரண்டைச் சீராக இழுக்கும் ஏற்பாடு) உள்ள எஸ்.எம்.பி.எஸ் சிலவற்றுக்கு மலிவான யூ.பி.எஸ்ஸின் படிக்கட்டு அலை ஒத்துக்கொள்ளாது, பேட்டரிக்கு மாறிய கணத்தில் அணைந்துவிடும். சைன் அலை தரும் யூ.பி.எஸ் அதற்குத் தேவை.

எல்லாவற்றையும் விட நல்ல சோதனை ஒன்று உண்டு, செலவு ஆட்டோ வாடகைதான். மெஷினைத் தூக்கிக்கொண்டு வேறு தெருவில், வேறு டிரான்ஸ்பார்மரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போங்கள். இன்வெர்ட்டர் இல்லாமல் சுவரில் மாட்டி, அதே கேமை நாள் முழுக்க ஓட்டுங்கள். அங்கே அணையவில்லை என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம். எலக்ட்ரீஷியனைப் பாருங்கள், கம்ப்யூட்டர் கடையை அல்ல.

4. அங்கேயும் அணைகிறதா? கேபினட்டைத் திறங்கள்

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒரு தடவை தட்டி மிச்சக் கரண்டை வடியவிட்ட பிறகு கை வையுங்கள். எஸ்.எம்.பி.எஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். பிளக் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நின்றுகொண்டிருக்கும்.

மதர்போர்டின் 24 பின் கனெக்டரையும், ப்ராசஸருக்குப் போகும் 8 பின் கனெக்டரையும் கழற்றி, கொக்கி "க்ளிக்" என்று விழும்வரை மறுபடி அமுக்குங்கள். ப்ராசஸருக்கு 8 பின் இருந்தும் அதில் 4 பின்னை மட்டும் சொருகி விட்டிருப்பதை அடிக்கடி பார்க்கலாம். சின்ன ப்ராசஸர் அதிலேயே ஓடிவிடும், பெரிய ப்ராசஸர் வேலை கூடும்போது கவிழும். கிராபிக்ஸ் கார்டுக்கு இரண்டு 8 பின் வேண்டும் என்றால், ஒரே வயரில் இருந்து பிரியும் இரண்டு தலையைச் சொருகாமல் தனித்தனி வயர் போடுங்கள். புதிய 16 பின் கனெக்டர் என்றால் இடைவெளி துளியும் தெரியாமல் முழுக்க உள்ளே போயிருக்க வேண்டும். பாதி சொருகினால் அது உருகிக் கார்டையே கெடுக்கும்.

வயர்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் மாடுலர் எஸ்.எம்.பி.எஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸின் வயர் கையில் இருக்கிறதே என்று புதியதில் சொருகாதீர்கள். கனெக்டர் பொருந்தும். ஆனால் எஸ்.எம்.பி.எஸ் பக்கத்தில் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் ஒரே கம்பெனியின் மாடலுக்கு மாடல், வேறுபடும். 12 வோல்ட் தவறான இடத்துக்குப் போனால் ஹார்ட் டிஸ்க் புகைந்துவிடும்.

பவர் பட்டனைச் சோதிக்க, கேபினட் முகப்பில் இருந்து வரும் பவர் ஸ்விட்ச், ரீசெட் ஸ்விட்ச் இரண்டு வயரையும் மதர்போர்டில் இருந்து கழற்றுங்கள். பவர் ஸ்விட்சுக்குரிய இரண்டு பின்னையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டால் மெஷின் கிளம்பும். அப்படியே ஓட்டிப் பாருங்கள். அணையவில்லை என்றால் பட்டன்தான். ரீசெட் பட்டனின் வயரைப் பவர் பின்னில் மாட்டிக்கொண்டு காலம் தள்ளலாம், பைசா செலவில்லை.

முகப்பு யூ.எஸ்.பி போர்ட்டுக்குள் பின் வளைந்து ஒன்றையொன்று தொட்டாலும் சில போர்டுகள் யூ.எஸ்.பி ஓவர் கரண்ட் என்று எச்சரித்து 15 விநாடியில் அணைத்துவிடும். அந்த வயரையும் கழற்றிப் பாருங்கள். மதர்போர்டுக்கு அடியில் அதைத் தாங்கி நிற்கும் பித்தளை ஸ்டாண்ட்-ஆஃப், போர்டின் ஓட்டைக்கு நேராக மட்டும் இருக்க வேண்டும். ஓட்டை இல்லாத இடத்தில் ஒன்று கூடுதலாக நின்றால் போர்டின் முதுகைத் தொட்டு ஷார்ட் ஆகும். கீழே விழுந்து காணாமல் போன ஸ்க்ரூ ஒன்று இருக்குமே, அதையும் தேடி எடுங்கள்.

5. சூடு

மே மாதம் பாளையங்கோட்டையில் வெயில் 40 டிகிரியை ஒட்டி நிற்கும். தென்காசி, குற்றாலம் பக்கம் ஜூனில் சாரல் விழுந்தாலும் திருநெல்வேலி டவுனிலும் ஜங்ஷனிலும் அனல் குறைவதில்லை. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எந்த ஃபேனும் அறையின் காற்றை விடக் குளிராக எதையும் ஆக்க முடியாது. ஏ.சி. கடையில் சோதித்தபோது 75 டிகிரி காட்டிய ப்ராசஸர், மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில் 90-ஐத் தாண்டுவதில் அதிசயம் இல்லை.

எச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, சென்சார் பக்கத்தைத் திறந்து, பதிவை ஃபைலில் சேமிக்கச் சொல்லுங்கள். மெஷின் அணைந்தாலும் கடைசி வரிகள் ஃபைலில் இருக்கும். பெரும்பாலான இன்டெல் ப்ராசஸர்களின் எல்லை 100 டிகிரி. ஏ.எம்.டியின் ரைஸனில் மாடலைப் பொறுத்து 90 அல்லது 95. ரைஸன் 7000 வரிசை முழு வேலையில் 95-ஐத் தொட்டு நிற்பது அதன் வடிவமைப்பு, நோய் அல்ல. எல்லையைத் தொட்டதும் ப்ராசஸர் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அணையாது. அதையும் மீறி ஏறினால்தான் அணைக்கும். எனவே சூட்டினால் பொட்டென்று அணைகிறது என்றால் ப்ராசஸரின் சூட்டை வாங்கும் ஹீட் சிங்க் அதை ஒழுங்காகத் தொடவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் ஏறுவதற்கு முன் திறக்கும் பயாஸ் செட்டிங் திரையில் சும்மா நிற்கும்போதே எண் விறுவிறுவென்று ஏறினால் அது உறுதி.

ஹீட் சிங்கைக் கழற்றி அடிப்பாகத்தைப் பாருங்கள். ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலத்தை உரிக்காமல் மாட்டியிருப்பார்கள். கேலி செய்ய வேண்டாம், அது கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. இன்டெல் பெட்டியில் வரும் கூலரின் நாலு பிளாஸ்டிக் காலையும் குறுக்கு மறுக்காக அமுக்க வேண்டும். போர்டின் பின்பக்கம் நாலு முனையும் வெளியே வந்து விரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்று வராவிட்டாலும் ஒரு மூலை தூக்கிக்கொள்ளும். பழைய தெர்மல் பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வையுங்கள். ஃபேனின் வயர் சி.பி.யூ ஃபேன் என்று எழுதிய பின்னில் இருக்க வேண்டும். வாட்டர் கூலர் என்றால் பம்ப் ஓடுகிறதா என்று கை வைத்துப் பாருங்கள், லேசான அதிர்வு தெரியும்.

கேபினட் எங்கே இருக்கிறது? கதவு போட்ட கம்ப்யூட்டர் மேஜைக்குள் என்றால் முதலில் வெளியே எடுங்கள். முகப்புக் கண்ணாடி அழகாக மூடியிருந்து உள்ளே காற்றுப் போக வழியில்லாத கேபினட்டுகளை நான் யாருக்கும் சொல்வதில்லை, எத்தனை கலர் லைட் எரிந்தாலும் சரி. திசையன்விளை, குட்டம் பக்கத்துத் தேரி மண் ஆடிக் காற்றில் எங்கும் புகும். அங்கே ஃபில்டரை மாதத்துக்கு ஒரு தடவையாவது தட்டிக் கழுவ வேண்டும். ஃபேனின் அம்புக்குறி காற்று போகும் திசையைக் காட்டும். முன்னால் இருந்து உள்ளே, பின்னாலும் மேலேயும் வெளியே.

6. எஸ்.எம்.பி.எஸ்ஸின் முறை

இத்தனைக்கும் பிறகு, லோடில் மட்டும் அணைகிறது, சூடு இல்லை, வயர் சரி, கரண்ட் சரி என்றால் இப்போது அதைச் சந்தேகிக்கலாம்.

ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் இருக்கும் வாட்டை விட்டுவிட்டு, அட்டவணையில் 12 வோல்ட் கட்டத்துக்குக் கீழே உள்ள ஆம்பியரைப் பாருங்கள். இன்றைய ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது அங்கிருந்துதான். 37 ஆம்பியர் என்றால் 12-ஆல் பெருக்கி 444 வாட், 450 என்று போட்டிருப்பது நியாயம். அதே 450 என்ற பெயரில் 12 வோல்ட்டில் 18 ஆம்பியர் மட்டும் போட்டிருந்தால் 216 வாட்தான் வரும். கேபினட்டோடு "ஃப்ரீயாக" வருகிற எஸ்.எம்.பி.எஸ்களில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் வீணாகாத அளவைச் சொல்கிறதே தவிர, பாதுகாப்பைச் சோதித்துத் தருவதில்லை.

கிராபிக்ஸ் கார்டு சராசரியாக 220 வாட் குடித்தாலும் மில்லி செகண்டுக்கும் குறைந்த நேரத்துக்கு அதைப் போல இரு மடங்கு இழுக்கக்கூடும். 2022-இல் வந்த ஏ.டி.எக்ஸ் 3.0 விதி இதற்காகவே எஸ்.எம்.பி.எஸ் தன் அளவில் இரு மடங்கை 100 மைக்ரோ செகண்ட் தாங்க வேண்டும் என்றது. பழைய மாடல்கள் அந்தத் துள்ளலை ஷார்ட் என்று நினைத்துப் பூட்டிக்கொள்ளும்.

வேறு எஸ்.எம்.பி.எஸ் இல்லாமலே சோதிக்க ஒரு வழி உண்டு. ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கிராபிக்ஸ் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கி, கேமில் ஃப்ரேமை 60-இல் கட்டிப்போட்டு ஓட்டுங்கள். அணைவது நின்றால், பார்ட் வாங்காமலே எஸ்.எம்.பி.எஸ் பக்கம் விரல் நீட்டலாம். இன்னும் தெளிவு வேண்டும் என்றால் ஓ.சி.சி.டி மென்பொருளில் முதலில் ப்ராசஸரை மட்டும், பிறகு கிராபிக்ஸ் கார்டை மட்டும், கடைசியில் இரண்டையும் சேர்த்துச் சோதியுங்கள். தனித்தனியாகத் தாங்கி, சேர்த்தால் மட்டும் கவிழ்ந்தால் எஸ்.எம்.பி.எஸ் போதவில்லை. 12 வோல்ட் வரிசை 11.4-க்குக் கீழே போகக் கூடாது. மதர்போர்டு காட்டும் எண் துல்லியமாக இருக்காது என்பதால், மென்பொருள் 11.5 காட்டியதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

7. ரேம், பயாஸ்

ரேம் பிரச்சினை என்றால் பெரும்பாலும் நீலத் திரை, ரீஸ்டார்ட், ஹேங் என்று வரும். முழுக்க அணைவது குறைவு. இரண்டு ரேம் என்றால் ப்ராசஸரில் இருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் இருக்கட்டும். பயாஸில் ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்.எம்.பி அல்லது எக்ஸ்போ செட்டிங்கை அணைத்துச் சாதாரண வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐப் பென் டிரைவில் ஏற்றி ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு எரர் வந்தாலும் அந்த ரேம் தோல்விதான், "ஒண்ணுதானே" என்று விட முடியாது.

பயாஸை அப்டேட் செய்வது புது மெஷினில் கட்டாயம் செய்ய வேண்டிய வேலை. ஆனால் கரண்ட் போனால் போர்டு கெட்டுப்போகும் வேலையும் அதுதான். பராமரிப்புக்காகக் காலை ஒன்பதில் இருந்து இரண்டு வரை கரண்ட் இருக்காது என்று பேப்பரில் போட்டிருக்கும் நாளிலோ, ஐப்பசி மாத இடி நேரத்திலோ தொடாதீர்கள். இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர் வைத்திருப்பவர்கள் தள்ளிப்போடவே கூடாது. அவற்றில் அதிக வோல்டேஜ் ப்ராசஸரை மெல்லக் கெடுக்கும் கோளாறு இருந்ததை இன்டெல்லே ஒப்புக்கொண்டு, 2024 ஆகஸ்டில் இருந்து பயாஸ் அப்டேட் வழியாக வரும் மைக்ரோகோட் திருத்தங்களை வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. திருத்தம் இனிக் கெடாமல் தடுக்கும், ஏற்கெனவே கெட்டதைச் சரி செய்யாது.

8. எதுவும் பிடிபடவில்லை என்றால்

மதர்போர்டைக் கேபினட்டை விட்டு வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வையுங்கள். பளபளக்கும் ஆன்டி-ஸ்டேட்டிக் கவரின் மேல் வைத்து ஓட்டாதீர்கள், அதன் வெளிப்பக்கம் கரண்டைக் கடத்தலாம். ப்ராசஸர், ஹீட் சிங்க், ஒரு ரேம், எஸ்.எம்.பி.எஸ், இவ்வளவு மட்டும் போதும். ப்ராசஸரில் டிஸ்பிளே இருந்தால் கிராபிக்ஸ் கார்டும் வேண்டாம். இன்டெல்லில் பெயர் எஃப் என்று முடிந்தால் டிஸ்பிளே இருக்காது. பயாஸ் திரையிலேயே ஒரு மணி நேரம் விடுங்கள். நின்றால் ஒவ்வொன்றாகச் சேருங்கள், எதைச் சேர்த்ததும் அணைகிறதோ அதுதான். நிற்காவிட்டால் மிச்சம் இருப்பது போர்டு, ப்ராசஸர், எஸ்.எம்.பி.எஸ் மூன்றே. நண்பரின் எஸ்.எம்.பி.எஸ்ஸை அதன் வயரோடு சேர்த்து ஒரு நாள் இரவல் வாங்கினால் மூன்று இரண்டாகும். போர்டு கெட்டிருப்பதை விட ப்ராசஸர் கெட்டிருப்பது மிக அரிது.

கடைக்குப் போகும்போது "தானா ஆஃப் ஆகுது" என்று மட்டும் சொல்லாமல், ஈவென்ட் வியூவர் படம், எச்.டபிள்யூ.இன்ஃபோ ஃபைல், மணி குறித்த தாள், மூன்றையும் கொண்டு போங்கள். ஏ.சி. அறையில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு "நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பித் தரும் கடைக்காரரிடம் பேச அது உதவும். எந்த லோடில் எத்தனை நிமிடத்தில் அணைகிறது என்று அவர் முன்னாலேயே காட்டுங்கள். பில், சீரியல் எண் தெரியும்படி பெட்டியின் படம், இரண்டையும் போனில் வைத்திருங்கள். இன்டெல் மதர்போர்டை வாரண்டிக்கு அனுப்பினால், ப்ராசஸரைக் கழற்றிய பிறகு சாக்கெட்டின் கருப்புப் பிளாஸ்டிக் மூடியை மறக்காமல் மாட்டுங்கள். அது இல்லாமல் போய் ஒரு பின் வளைந்தாலும் வாரண்டி இல்லை என்று திரும்பி வரும். அந்த மூடியைக் குப்பையில் போட்டிருந்தால் கடைக்காரரிடம் கேளுங்கள், அவரிடம் ஒரு டப்பா நிறைய இருக்கும்.